ஒரே விரலில் மூடும் கதவு

குழந்தைவேல்தானே அனுப்புனாரு? சொல்ல வேண்டாமுங்க, வண்டி உள்ள வர்றப்பவே தெரிஞ்சுது. எடைமேடைச் சீட்டு கண்ணாடியில சொருகியிருக்குது பாருங்க. அங்க உக்காந்துக்கிட்டு எடை போட வர்ற வண்டியை எல்லாம் எங்கிட்டயே திருப்பி விடறாரு. 'சங்ககிரியில ஆறுச்சாமி பட்டறைக்குப் போங்க, எங்க மச்சான்தான், அவரு போட்ட கதவு ஒரே விரல்ல மூடும்.' இதையேதானே உங்ககிட்டயும் சொன்னாரு? ஒரு வார்த்தை மாறியிருக்காது. இந்த மாசத்துல நீங்க ஆறாவது ஆளுங்க.

நல்லதுதானேங்கறீங்க. நல்லதுதானுங்க. ஊர்ல அவனவன் பொண்டாட்டியோட அண்ணனைப் பத்திப் பேசற பேச்சைக் கேட்டா காதைப் பொத்திக்கணும். இவரு என்னடான்னா போற வர்றவங்ககிட்ட எல்லாம் புகழ்றாரு. அதுதாங்க எனக்குத் தாங்க மாட்டேங்குது.

உக்காருங்க. அதுல வேண்டாம், கிரீஸ் இருக்குது, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. டீ சொல்லியிருக்கறேன்.

உங்க கதவை அப்பவே பாத்துட்டேன். டிரைவர் பக்கம், பின்முனை ரெண்டு விரக்கடை தொங்குது. நீங்களும் ஒரு தூக்கு தூக்கி, ஒரு இழுப்பு இழுத்துத்தான் சாத்துறீங்க. ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. லோடு ஏத்துனா கதவு இறுகுதுங்களா? இறக்குனதும் லூசாகுதா?

ஆமாங்களா. ம்.

அப்ப இன்னிக்கே முடிச்சுக் குடுங்கன்னு கேட்டீங்களே, அது நடக்காதுங்க. ஒரு மணி நேர வேலைதான், நான் இல்லைங்கலை. கீல்ல ரெண்டு தகடு சொருகி, அடியில ஜாக்கி வெச்சு ஒரு ஏத்து ஏத்துனா கதவு நேரா நின்னுக்கும். அப்படித்தான் இத்தனை வருசமா பண்ணிக்கிட்டிருந்தேன். இப்பப் பண்றதில்லை. ஏன்னு கேட்டா என்ன சொல்றது. சரி, டீ வர்ற வரைக்கும் சொல்றேன், கேளுங்க.

குழந்தைவேல் என் தங்கச்சி சம்பூர்ணத்தைக் கட்டுனவருங்க. லாரியிலயே முப்பது வருசம். முதல்ல அடுத்தவன் வண்டி, அப்புறம் சொந்த வண்டி. வடக்க எங்கெங்கயோ போயிட்டு வந்திருக்கறாரு, ஒரு கோழியைக் கூட அடிச்சதில்லை. நான் சொல்லலை, ஊரே சொல்லும். ரோட்டுல ஆட்டுக்குட்டி நின்னா இறங்கிப்போய்த் தூக்கி விட்டுட்டு வருவாரு. பின்னால நிக்கற வண்டிக்காரன் என்னத்த வேணா திட்டட்டும், அதெல்லாம் காதுல வாங்க மாட்டாரு.

அவரு சொந்த வண்டி வாங்குனப்ப அதுக்குப் பாடி கட்டுனது நான். பதினாலு வருசம் ஆச்சு. பாடி கட்டுனவன் பின்பலகையில தன் பேரை எழுதிக்கறது எங்க வழக்கம், தெரியுமில்லைங்களா. 'பாடி: ஆறுச்சாமி, சங்ககிரி.' நானே மஞ்சள்ல எழுதி சிவப்புல கரை கட்டுனேன். அந்த எழுத்துதான் எங்களுக்கு விளம்பரம், அதுதான் மானம். காஷ்மீர் வரைக்கும் போய் என் பேரு வந்திருக்குதுங்க, அப்பல்லாம் நான் ஈரோட்டைத் தாண்டுனதில்லை.

ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு நா வந்து நின்னாரு. கதவு தொங்குது, ஆனா கதவைப் பத்திச் சொல்லலை. 'மச்சான், லோடு ஏத்துனா கதவு இறுகுது, இறக்குனா ஆடுது. கதவை அப்புறம் பாத்துக்கலாம், கீழ ஒருக்கா பாருங்க'ன்னாரு.

நான் சிரிச்சேன். வண்டிக்கு வயசாயிருச்சு மாப்ள, வயசானா எல்லாந்தான் தொங்கும்னு சொன்னேன். பட்டறையில இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. அவரும் கூடச் சேந்து சிரிச்சாரு. அவரு அப்படித்தாங்க, அவரை வெச்சே கேலி பேசினாலும் அவருதான் கடைசி வரைக்கும் சிரிச்சுக்கிட்டிருப்பாரு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? இன்னொருத்தரா இருந்தா, சிரிச்சது போதும் குனிஞ்சு பாருய்யான்னு சொல்லியிருப்பாங்க. அவரு சொல்லலை. பாதித் தப்பு அவரு மேலயும் இருக்குது, நீங்களே சொல்லுங்க.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டறை தெரியுதா? பச்சைத் தகரம் போட்டது. அது வையாபுரியோடது. அவன் சேசிஸ் வேலை பாக்கறவன். சேசிஸ்னா வண்டியோட முதுகெலும்புங்க, அந்த ரெண்டு நீட்டு இரும்பு மேலதான் கேபினும் பாடியும் உக்காந்திருக்குது. அவனுக்கும் எனக்கும் ஆகாது. என்ன காரணம்னு கேட்டா ரெண்டு பேருக்குமே இப்ப ஞாபகம் இல்லை, ஆனா ஆகாது.

அந்த வருச ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்குது. டீக்கடையில ஒம்பது பேரு நிக்கறோம். குழந்தைவேல் வண்டி ரோட்டுல போகுது. வையாபுரி டம்ளரைக் கீழ வெச்சுட்டு, 'ஆறுச்சாமி, உன் மாப்ள வண்டிக் கதவு குடிகாரன் வேட்டி மாதிரி தொங்குது, பின்னால உன் பேரு வேற பெருசா எழுதியிருக்குது'ன்னான். ஒம்பது பேரும் சிரிச்சாங்க. கடைக்காரனும் சிரிச்சான்.

அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலைங்க.

எங்க ஊர்ல ஆயுத பூஜைன்னா என்னன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை வண்டியையும் கழுவிச் சந்தனம் வெச்சு, வாழைக்கன்னு கட்டி, வரிசையா நிறுத்துவாங்க. ஊரே நடந்து போய்ப் பாக்கும். அந்த வரிசையில அந்தக் கதவு நிக்கணுமா? என் பேரோட?

மறுநாள் நானே போன் போட்டு வண்டியை வரச் சொன்னேன். சரி, கீழயும் பாத்துருவோம்னு கேபின் தரையில விரிச்சிருந்த ரப்பர் மேட்டையும் அடிப் பலகையையும் தூக்கிப் பாத்தேன். பாக்கலைன்னு சொல்ல மாட்டேன், பாத்தேன். ஒண்ணுமில்லீங்க, சேசிஸ் மேல ஒரு கீறல். பெயிண்ட் விட்டிருக்கும், வேறென்ன. பழைய வண்டியில கீறல் இல்லாத இடம் எது.

மேட்டைப் போட்டுட்டு கதவுக்கு வந்தேன். அந்த மாதிரி வேலையை நான் முன்னாலயும் பண்ணலை, பின்னாலயும் பண்ணலைங்க. அதை மட்டும் சொல்லிக்கறேன். வெறும் வண்டியில கதவு தூக்குனா லோடு ஏத்தறப்ப இடிக்கும், லோடு வெச்சுத் தூக்குனா வெறும் வண்டியில ஆடும். எல்லாரும் அங்கதான் தோப்பாங்க. நான் ரெண்டையும் பாத்தேன். கல்லு மூட்டை ஏத்தி ஒரு நாள், இறக்கி ஒரு நாள். கீல் ஓட்டையை ராவி நீட்டிவிட்டு, தகடு வெச்சு, கதவோட ஓரத்தை எங்க இடிக்குதோ அங்க மட்டும் நூல் அளவு தட்டி, சுத்தியும் ரப்பர் ஒட்டுனேன். தீக்குச்சி வெச்சுப் பாத்தா மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே சந்து. லோடு இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, ஒரே விரல்ல மூடுச்சு. டப்புனு சத்தம் வராது. பொட்டி மூடற மாதிரி ஒரு சத்தம்.

பூஜையன்னிக்கு வையாபுரி வந்தான். எல்லாரும் பாக்கறப்ப கதவைத் திறந்தான், விரல் வெச்சுச் சாத்துனான், மறுபடியும் திறந்தான், சாத்துனான். அப்படியே ரோட்டைத் தாண்டிப் போயிட்டான். எனக்கு அன்னிக்கு இருந்த சந்தோசம், என் கண்ணாலத்தன்னிக்குக் கூட இருந்ததில்லைங்க.

ஒரு மாசம் கழிச்சுக் குழந்தைவேல் வந்தாரு. கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, 'மச்சான், வண்டி இப்பப் பேசறதே இல்லை'ன்னாரு. நான் அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன். வேலை அப்படி மாப்ளன்னு சொன்னேன்.

தை மாசம் வண்டி கவுந்துபோச்சு.

தர்மபுரி தாண்டி ஒரு இறக்கம். மத்தியானம் ரெண்டரை மணி. சேலத்துல ஜவ்வரிசி ஏத்திக்கிட்டுப் போயிருக்கறாரு. வண்டி திடீர்னு இடது பக்கமா இழுத்துக்கிட்டுப் போய் மண்மேட்டுல ஏறி, அப்படியே சாஞ்சுருச்சு. ரோடு முச்சூடும் வெள்ளையா ஜவ்வரிசி. அந்த மேட்டு ஓரத்துல ஒரு அம்மா தெனமும் கொய்யாப்பழக் கூடையோட உக்காந்திருக்குமாம். அன்னிக்கு அந்த நேரம் பாத்து தண்ணி குடிக்கப் போயிருக்குது. கூடை மேலதான் வண்டி விழுந்துச்சு.

டேங்கு உடைஞ்சு டீசல் கொட்டுது. வண்டி இடது பக்கம் சாஞ்சதால டிரைவர் கதவு வானத்தைப் பாத்து நிக்குது. இவருக்கு ஒரு தோளெலும்பு முறிஞ்சிருச்சு, ஒத்தைக் கைதான். அந்தக் கையால கதவைத் தள்ளுனாரு, திறந்துச்சு. வெளிய வந்துட்டாரு. கதவு மாட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு யாருக்கும் தெரியாது.

அதைத்தாங்க இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டிருக்கறாரு, மச்சான் போட்ட கதவு என்னைக் காப்பாத்துச்சுன்னு. ஆஸ்பத்திரியில கட்டு போட்டுப் படுத்துக்கிட்டு, பாக்க வந்த ஒறம்பரை சனம் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னாரு. நான் கால்மாட்டுல நின்னுக்கிட்டிருந்தேன். சம்பூர்ணம் என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'அண்ணா, இந்தத் தாலி நீ போட்டதுதான்'னு அழுகுது. அன்னிலிருந்து பலகாரம் சுட்டா முதல் தட்டு எங்க வீட்டுக்குத்தான் வருது. முறுக்கு, அதிரசம், கச்சாயம், ஒண்ணு விடாம வருது. எனக்கு வாயில வெச்சா உள்ள போக மாட்டேங்குது. எம்பொண்டாட்டி சக்கரை இருக்குதோ என்னமோன்னு டெஸ்ட் எடுக்கச் சொல்றா.

வண்டி ஏன் இழுத்துச்சுன்னு எல்லாரும் அவரைக் கேட்டாங்க. 'என்ன நடந்துச்சுன்னே தெரியலை, ஒரு நொடி, அவ்வளவுதான், கண் அசந்திருப்பேன்'னாரு. அசந்திருப்பேன்னு ஆரம்பிச்சது, பத்து நாள்ல அசந்துட்டேன்னு ஆயிருச்சு. விசாரிக்க வந்தவங்க கிட்டயும் அப்படியே சொன்னாரு, அவங்களும் அப்படியே எழுதிக்கிட்டாங்க. சேசிஸ் ஒடிஞ்சிருந்துச்சு. கவுந்ததுல ஒடிஞ்சதுன்னு போட்டுக்கிட்டாங்க.

தங்கச்சி அவரைச் சும்மா விடலை. முப்பது வருசம் முழிச்சிருந்த கண்ணு ஒரு நாள் முழிச்சிருக்கக் கூடாதான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அவரு ஒண்ணும் எதுத்துப் பேச மாட்டாரு. திருச்செங்கோட்டு மலைக்குப் போய் லைசென்சை உண்டியல்ல போட்டுட்டு வந்துட்டாரு. ஆமாங்க, உண்டியல்ல. சாமிக்கு லைசென்சு எதுக்குன்னு நான் கேட்டேன். 'அந்த அம்மா தண்ணி குடிக்கப் போகாம இருந்திருந்தா? இனி இந்தக் கையை நான் நம்ப மாட்டேன் மச்சான்'னாரு. இப்ப எடைமேடையில சீட்டு எழுதறாரு. போற வர்ற லாரியைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கறாரு. அதுல ஏறி உக்கார மட்டும் மாட்டாரு. பஸ்ல கூட டிரைவர் பக்கம் பாக்காம பின்னால போய் உக்காந்துக்கறாருங்க.

நீங்க கூட அவரை ஓட்ட வரச் சொல்லிக் கேட்டிருப்பீங்களே? என்ன சொன்னாரு? கண் அசந்துருவேன்னா? ம். அதேதான்.

கேக்காமயே தப்பை எல்லாம் எடுத்துத் தலையில வெச்சுக்கற ஆளுகிட்ட என்னங்க பண்றது. அவரு கொஞ்சம் சண்டை போட்டிருந்தா, கதவு சொல்லுதுன்னு அன்னிக்கே சொன்னனே மச்சான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானும் சொல்லியிருப்பேன். அவரு கேக்கவே இல்லை. சொன்னதையே மறந்துட்டாரு.

கீறல்னு சொன்னனில்லைங்களா. கீறல்னா கோடு. மெல்லிசா, தலைமுடி மாதிரி. நகத்தை வெச்சுப் பாத்தேன். நகம் உள்ள போச்சு.

எனக்குத் தெரியாமலா இருக்கும். லோடு ஏத்துனா சேசிஸ் அந்த இடத்துல உக்காருது, கேபின் சாயுது, கதவு இறுகுது. இறக்குனா நிமிருது, கதவு ஆடுது. கதவுல ஒரு குத்தமும் இல்லை. அது தொங்கித் தொங்கி அதைத்தான் காட்டிக்கிட்டிருந்துச்சு. நான் அதை நேராக்கி, ரப்பர் ஒட்டிச் சத்தமில்லாம பண்ணிட்டேன்.

வண்டியை வையாபுரி பட்டறைக்கு அனுப்பியிருக்கணும். ரோட்டைத் தாண்டுனா போதும், முப்பது அடி. பத்து நாள் வேலை, ஆயுத பூஜை தப்பிப்போகும், அது ஒண்ணு. இன்னொண்ணும் இருக்குது. அந்தக் கோடு சும்மா வரலை. ஒரு ஓட்டையில இருந்து கிளம்பியிருந்துச்சு. சேசிஸோட மேல் விளிம்புல ஓட்டை போடக் கூடாதுங்க, பாரம் பூரா அதுலதான் நிக்குது, படிக்காதவனுக்கும் தெரியும். பதினாலு வருசத்துக்கு முன்னால பாடி கட்டறப்ப, ஒரு எடத்துல கிளாம்பு எட்டலை, அவசரம், ஒரே ஒரு ஓட்டை போட்டு போல்ட்டை முடுக்கிட்டேன். பல பேரு போடறதுதான். ஆனா வையாபுரி கீழ படுத்தான்னா முதல்ல அந்த ஓட்டையத்தான் பாப்பான், அப்புறம் எந்திரிச்சு வந்து பின்பலகையில இருக்கற பேரைப் படிப்பான்.

அதனால பட்டி போட்டேன், பெயிண்டுக்கு முன்னால பள்ளம் அடைக்கப் பூசற பசை. கோட்டு மேல பட்டி போட்டுத் தேச்சு, பிரைமர் அடிச்சு, கருப்பு பெயிண்டும் அடிச்சேன். பூஜை முடியட்டும், முடிஞ்சதும் மாப்ளகிட்டச் சொல்லி வேலையைப் பாத்துருவோம்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேனுங்க. அப்புறம் வையாபுரி வந்து விரல் வெச்சுச் சாத்திட்டுப் போனானா, அந்தச் சந்தோசத்துல நாள் போயிருச்சு. பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்.

வண்டி கவுந்த நாலாம் நாள் தர்மபுரிக்குப் போனேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்துல ஒரு காலி எடத்துல போட்டு வெச்சிருந்தாங்க. ஒடிஞ்ச எடத்தைப் பாத்தேன். கவுந்து ஒடிஞ்சிருந்தா இரும்பு முழுக்கப் புதுசா மின்னணும். பாதி மின்னுது, பாதி துரு. துரு பிடிச்ச பாதியில என் பட்டி ஓரமா ஒட்டிக்கிட்டிருக்குது. அப்படி ஒடிஞ்சு உக்காந்தா ஸ்டீயரிங் ஒரு பக்கமா இழுத்துரும். அதைப் புடிச்சு நிறுத்த எந்த டிரைவராலயும் ஆகாது. அவரு கண்ணு அசரவே இல்லைங்க. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கறாரு.

இது எனக்கு மட்டுந்தான் தெரியும். அந்த இரும்பும் எடைக்குப் போயிருச்சு.

அன்னிக்கு நான் தர்மபுரிக்குப் போனது அதைப் பாக்கறதுக்கு இல்லை. பையில தின்னரும் பழைய துணியும் கொண்டு போயிருந்தேன். பின்பலகைக்குப் போய், யாரும் பாக்கலைன்னு தெரிஞ்சதும் என் பேரைத் துடைச்சேன். மஞ்சள் சீக்கிரம் போயிருச்சு. சிவப்புக் கரைதான் போகலை. 'பாடி' போச்சு, 'ஆறுச்சாமி' போச்சு, 'சங்ககிரி' மட்டும் லேசாத் தெரிஞ்சுது. அதையும் விடலை.

டீ வந்துருச்சு, எடுத்துக்கங்க. சக்கரை கம்மியா இருந்தா சொல்லுங்க.

உங்க வண்டிக்கு வர்றேன். மேட்டை எடுத்துட்டு நீங்களே உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. என்ன இருக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன், நீங்க பாத்துச் சொல்லுங்க. கோடு இருந்துச்சுன்னா வண்டி முதல்ல வையாபுரிகிட்டப் போகணும். நானே கூட வர்றேன். அவன் என்ன கேலி பண்ணுவானோ பண்ணிக்கட்டும். கதவு கடைசியில பாக்கலாம். சேசிஸ் நின்னுருச்சுன்னா கதவு தானா பாதி நேராயிரும்.

வண்டி எடுக்க வர்றப்ப அவரைக் கூட்டிட்டு வர்றீங்களா? வர மாட்டேம்பாரு. ஓட்டிப் பாக்க வேண்டாம், கதவை மட்டும் சாத்திப் பாத்துச் சொல்லுங்கன்னு கூப்பிடுங்க, வருவாரு. அவரு பக்கத்துல இருந்தா, உங்க வண்டியில இருக்கற கோட்டைக் காட்டி, மாப்ள இதே மாதிரின்னு ஆரம்பிச்சுருவேன்னு நெனக்கறேன். வீட்டுக்குப் போய்ச் சொல்ல வரலைங்க. நாலு தடவை போனேன். போனதும் சம்பூர்ணம் பலகாரத் தட்டைக் கொண்டாந்து வெச்சுருது.

ஒரு தடவை அவரே இங்க வந்தாரு. போன மாசம். பஸ்ல வந்து இறங்கி, இப்ப நீங்க உக்காந்திருக்கற எடத்துல நின்னாரு. வேர்த்துக் கொட்டுது. என்னமோ தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்திருக்கறாருன்னு நெனச்சு, கையில இருந்த சுத்தியலைக் கீழ வெச்சேன். அப்பாடான்னும் இருந்துச்சு. கேக்கட்டும், இன்னிக்குக் கேட்டுரட்டும்னு இருந்தேன்.

'மச்சான், ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன். வண்டியை எடைக்குப் போடறப்பப் பாத்தேன், பின்பலகையில உங்க பேரு இல்லை. நீங்கதான் அழிச்சிருப்பீங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்கலை. நான் கண் அசந்து கவுத்த வண்டியில உங்க பேரு எதுக்கு? பன்னெண்டு வருசம் சுமந்துட்டுப் போன பேரை என் கையாலயே கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க.'

சொல்லிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாருங்க. என்னை விட ரெண்டு வருசந்தான் சின்னவரு. ஒரு கை முழுசா மேல வராது, அந்தத் தோள். அதையும் இழுத்துத் தூக்கிக் கும்பிட்டாரு.

பட்டறையில நாலு பேரு பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க.

பரவால்ல மாப்ள, மனசுல ஒண்ணும் வெச்சுக்கலைன்னு சொன்னேன். மன்னிச்சுட்டேன்னு சொன்னேன்.

அவரு முகம் அப்படியே தெளிஞ்சு போச்சு. அந்த நன்றிக்குத்தான் அன்னிலிருந்து ஆளுகளா அனுப்பிக்கிட்டிருக்கறாரு. நீங்க ஆறாவது.